நிரூபிக்க வேண்டியவர் யார்?

இணையச் சட்டம் பற்றிய கருத்தரங்குகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: தொழில்நுட்பம் வேகமாக ஓடுகிறது, சட்டம் பின்னால் மூச்சிரைக்க வருகிறது. இது பாதி உண்மை. இந்தியாவில் சட்டத்துக்குப் பஞ்சமே கிடையாது. 2000-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2008-ல் அதற்குப் பெரிய திருத்தம், 2016-ல் ஆதார் சட்டம், 2021-ல் சமூக ஊடக விதிகள், 2023-ல் ஒரே ஆண்டில் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தொலைத்தொடர்புச் சட்டம், புதிய சாட்சியச் சட்டம் என்று மூன்று. தமிழக அரசு இணையச் சூதாட்டத்துக்குத் தனியாக ஒரு சட்டம் போட்டு, அதுவும் நீதிமன்றப் படிகளைப் பலமுறை ஏறி இறங்கியிருக்கிறது.

இத்தனை சட்டம் இருந்தும், வங்கிக் கணக்கில் பணத்தைப் பறிகொடுத்தவரும், ரேகை விழாமல் ரேஷன் கடையிலிருந்து திரும்பியவரும், தன் அந்தரங்கப் படம் ஏதோ ஒரு தளத்தில் கிடப்பதைக் கண்டு பதறியவரும் ஒரே சுவரில்தான் முட்டி நிற்கிறார்கள். ‘தப்பு என்னுடையது இல்லை’ என்பதை அவர்களேதான் நிரூபித்தாக வேண்டும். நிரூபிக்கத் தேவையான பதிவுகளோ எதிராளியின் கணினியில் இருக்கும். சட்டம் தாமதமாக வருகிறதா என்பதைவிட, வந்த சட்டம் சுமையை யார் தலையில் வைக்கிறது என்று பார்ப்பதுதான் பயனுள்ள விசாரணை என்பது என் எண்ணம்.

இதற்குத் துல்லியமான பாடம் பிரிட்டனில் கிடைக்கிறது. 1999 முதல் அந்நாட்டு அஞ்சலகங்களில் ‘ஹொரைசன்’ என்ற கணக்கு மென்பொருள் நிறுவப்பட்டது. தயாரித்துக் கொடுத்தது ஃபுஜிட்சு. சின்ன ஊர்களில் மளிகைக் கடையோடு அஞ்சலகத்தையும் சேர்த்து நடத்தி வந்தவர்களின் கணக்கில் திடீர் திடீரென்று பணம் குறைந்தது. ஒப்பந்தப்படி குறைந்த பணத்தை அவர்கள்தான் கட்ட வேண்டும். உதவி எண்ணுக்கு அழைத்தவர்களில் பலருக்குக் கிடைத்த பதில், ‘வேறு யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லையே’ என்பதுதான். பிரிட்லிங்டன் என்ற கடலோர ஊரில் அஞ்சலகம் நடத்திய ஒருவர் சுமார் 25,000 பவுண்டு குறைவுக்காக வழக்கை எதிர்கொண்டார். வக்கீல் வைக்க வசதியில்லாமல் தானே வாதாடினார். 2007-ல் தோற்றார். எதிர்த்தரப்பின் வழக்குச் செலவாக 3,21,000 பவுண்டு அவர் தலையில் விழுந்து திவாலானார். 900-க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டனை பெற்றார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். கடைசியில் 2019 டிசம்பரில் உயர்நீதிமன்றம், தவறு மென்பொருளில் இருந்தது என்று தீர்ப்பளித்தது. தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்ய 2024-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் மென்பொருள் கோளாறு மட்டும் காரணம் இல்லை. அதற்கு முன்பு இங்கிலாந்தில், கணினிப் பதிவைச் சாட்சியமாகத் தருபவர் அந்தக் கணினி ஒழுங்காக இயங்கியது என்று காட்ட வேண்டும் என்றொரு விதி இருந்தது. 1999-ல் அதை நீக்கிவிட்டார்கள். அதன் பிறகு கணினி சரியாகத்தான் வேலை செய்கிறது என்பது சட்டத்தின் அனுமானம். இல்லை என்பவர் ஆதாரம் காட்ட வேண்டும். மளிகைக் கடைக்காரர் ஃபுஜிட்சுவின் சர்வருக்குள் எப்படி எட்டிப் பார்ப்பார்? ஒரே ஒரு விதி நீக்கம், நூற்றுக்கணக்கான குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியது.

இந்தியச் சட்டம் இந்த விஷயத்தில் எதிர்த் திசையில் போனது. மின்னணுப் பதிவு எதுவானாலும் சான்றிதழ் வேண்டும் என்றது பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு. அந்தச் சான்றிதழ் கட்டாயமா இல்லையா என்று உச்சநீதிமன்றமே 2005-லிருந்து முன்னும் பின்னுமாகப் பேசி, 2020 ஜூலையில் கட்டாயம்தான் என்று முடித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், பதிவின் ஹாஷ் மதிப்பையும் நிபுணரின் கையெழுத்தையும் கேட்கிறது. ஒரு கோப்பை எண் வரிசையாகச் சுருக்கிக் காட்டுவதுதான் ஹாஷ். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும் என்பதால், பதிவைத் திருத்தவில்லை என்பதற்கு நல்ல அத்தாட்சி.

நோக்கம் சரிதான். ஆனால் மிரட்டல் வாட்ஸ்அப் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கும் ஒரு பெண் இந்தச் சான்றிதழுக்கு எங்கே போவார்? நிபுணர் யார், கட்டணம் எவ்வளவு? சான்றிதழ் வேண்டாமென்றால் மூலக் கருவியையே நீதிமன்றத்தில் காட்டலாம் என்கிறது சட்டம். மூலக் கருவி என்பது அவருடைய கைப்பேசி. வங்கி, ஆதார், வேலை, பிள்ளையின் பள்ளிக்கூடக் குழு எல்லாம் அதற்குள்ளேதான் இருக்கின்றன. அதை ஒப்படைத்துவிட்டு எத்தனை மாதம் இருப்பது? கடுமையான விதி இங்கேயும் எளியவரைத்தான் முதலில் தடுக்கிறது.

இதில் விசித்திரம் என்னவென்றால், நீதிமன்றத்துக்குள் இயந்திரத்தை நம்ப இத்தனை சான்று கேட்கும் நாடு, நீதிமன்றத்துக்கு வெளியே கவுன்டரில் இயந்திரம் சொன்னதையே வேதவாக்காக எடுத்துக்கொள்கிறது. ரேஷன் கடையில் ‘ரேகை விழல, துடைச்சிட்டு இன்னொரு தடவ வைங்க’ என்ற குரலைக் கேட்காதவர் இருக்க முடியாது. கல் உடைத்தும் களை பறித்தும் பாத்திரம் தேய்த்தும் வழுவழுப்பான விரலில் இயந்திரம் தேடும் கோடுகள் இருப்பதில்லை. வயதானவர்களுக்குத் தோலே மெலிந்துவிடுகிறது. ஆதார் வழக்கில் 2018 செப்டம்பர் 26 அன்று நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் வந்த தீர்ப்பு, ரேகை ஒத்துப்போகவில்லை என்ற காரணத்துக்காக உரியவருக்கு நலத்திட்டத்தை மறுக்கக் கூடாது என்று தெளிவாகவே சொன்னது. மாற்று வழிகளும் ஏட்டில் உண்டு. ஆனால் மறுக்கப்பட்டதற்கு அத்தாட்சியாக ஒரு துண்டுச் சீட்டுகூடக் கையில் கிடைப்பதில்லை. ‘நாளைக்கு வாங்க’ என்பதை எந்த அதிகாரியிடம் எடுத்துப் போய்க் காட்டுவது?

தெலங்கானாவில் இது பெரிய அளவில் நடந்தது. பல துறைகளின் தரவுகளைக் கணினியில் பொருத்திப் பார்த்து, தகுதி இல்லாதவை என்று கருதிய ரேஷன் அட்டைகளை அரசு நீக்கியது. 2022-ல் உச்சநீதிமன்றம், ரத்தான சுமார் 19 லட்சம் அட்டைகளையும் நேரில் போய்ச் சரிபார்க்கச் சொன்னது. முதலில் செய்திருக்க வேண்டியதை, ஒருவர் டெல்லி வரை வழக்காடிய பிறகு செய்தார்கள். நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெற்ற ஆயிரக்கணக்கான பெற்றோரை மோசடிக்காரர்கள் என்று தவறாக முத்திரை குத்திய விவகாரத்தில், 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலகியது. நம்மூரில் இயந்திரத்தின் தவறுக்கு ஓர் எழுத்தர்கூடப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பணத்தின் கதை இன்னும் கொடுமை. 2016-ல் தொடங்கிய யுபிஐ, 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. டீக்கடை வரை போய்ச் சேர்ந்த அற்புதமான ஏற்பாடு, சந்தேகமில்லை. அதன் வேகம்தான் திருடனுக்கும் வசதி. ஏமாற்றிப் பறித்த பணம் சில நிமிடங்களில் ஒரு வாடகைக் கணக்குக்குப் போய், அங்கிருந்து ஐந்தாறாகப் பிரிந்து, மூன்றாவது நான்காவது கணக்கில் ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ மாறிவிடும். போலீசும் வங்கிக்காரர்களும் ‘லேயர்’ என்று சொல்வது இதைத்தான். வாடகைக் கணக்குக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘மியூல் அக்கவுன்ட்’. சில ஆயிரம் ரூபாய்க்கு ஏடிஎம் அட்டையையும் சிம் கார்டையும் கொடுத்துவிட்ட கல்லூரி மாணவனின் கணக்காகக்கூட அது இருக்கலாம்.

‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் எங்குமே கிடையாது. இருந்தாலும் வீடியோ அழைப்பில் சீருடையைக் காட்டி, போலி நீதிமன்ற உத்தரவைக் காட்டி, ஓய்வு பெற்றவர்களை நாள்கணக்கில் வீட்டுக்குள்ளேயே மிரட்டி உட்கார வைத்துப் பணத்தைக் கறக்கிறார்கள். உச்சநீதிமன்றத்தின் பெயரிலேயே போலி உத்தரவு காட்டி ஹரியானாவின் அம்பாலாவில் முதிய தம்பதியிடம் ஒரு கோடிக்கு மேல் பறித்ததை அந்த நீதிமன்றம் 2025 அக்டோபரில் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. நாடு முழுக்க இப்படிப் போன தொகை சுமார் 3,000 கோடி ரூபாய் என்று அங்கே பேசப்பட்டது. டிசம்பரில் விசாரணை சிபிஐ வசம் போனது. அழைப்பின் மறுமுனையில் இருப்பவனும் எப்போதும் குற்றவாளி இல்லை என்பது இதில் இன்னொரு சிக்கல். தாய்லாந்தில் ஐடி வேலை என்று அழைத்துப் போகப்பட்ட தமிழ் இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டு, அடிக்குப் பயந்து இந்த வேலையைச் செய்ததும், அவர்களில் சிலர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை திரும்பியதும் செய்திகளில் வந்தவைதான்.

சரி, போன பணத்துக்கு யார் பொறுப்பு? ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 தேதியிட்ட சுற்றறிக்கை ஒரு கோடு போட்டது. தவறு வங்கியிலும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, நடுவில் யாரோ புகுந்துவிட்டார்கள் என்றால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவிப்பவருக்கு இழப்பு இல்லை. ஏழு வேலை நாள் வரை போனால் குறிப்பிட்ட உச்சவரம்பு வரை மட்டும் இழப்பு. நல்ல விதி. ஆனால் ரகசிய எண்ணைப் பகிர்ந்தது போன்ற வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்றால், புகார் செய்யும் வரை போன மொத்தப் பணமும் அவருடைய இழப்பு. இன்றைய மோசடிகளில் பெரும்பாலானவை இந்தக் கதவு வழியாகத்தான் நுழைகின்றன. கணினியை உடைப்பதைவிட மனிதரை மிரட்டுவது சுலபம். மிரட்டலுக்குப் பணிந்து ஓடிபி சொன்னதும், மிரண்டு போய்த் தானே பணம் அனுப்பியதும் ‘வாடிக்கையாளர் தவறு’ என்ற ஒரே பெட்டியில் விழுகின்றன. பணத்தை வாங்கிக்கொண்ட கணக்கை எந்த வங்கி, என்ன பார்த்துத் திறந்து கொடுத்தது என்ற கேள்வி காற்றில் போய்விடுகிறது.

பிரிட்டன் ஹொரைசனில் பட்ட சூட்டுக்குப் பிறகு இந்த இடத்தில் விழித்துக்கொண்டது என்றே சொல்வேன். 2024 அக்டோபர் 7 முதல் அங்கே, ஏமாற்றப்பட்டுத் தானே பணம் அனுப்பியவருக்கும் 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும். அனுப்பிய நிறுவனம் பாதி, பெற்றுக்கொண்ட நிறுவனம் பாதி. பெறும் வங்கியின் பையிலிருந்து பணம் போகும் என்றால்தான் வாடகைக் கணக்குகளை வங்கிகள் தேடத் தொடங்கும்.

நம்மிடமும் முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. வெளிநாட்டில் வேலை பார்த்த தூத்துக்குடிக்காரர் ஒருவருக்கு 2007-ல் வங்கியிலிருந்து வந்தது போன்ற மின்னஞ்சல் வந்தது. கேட்ட விவரங்களைக் கொடுத்தார். கணக்கிலிருந்து ஆறு லட்சத்துக்கு மேல் அதே வங்கியின் இன்னொரு கணக்குக்குப் போய், எடுக்கப்பட்டும் விட்டது. கடவுச்சொல்லைக் கொடுத்தது நீங்கள்தானே என்றது வங்கி. அவர் விடவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர்தான் இத்தகைய இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் அதிகாரி என்பது வக்கீல்கள் பலருக்கே தெரியாத காலம். தமிழ்நாட்டின் அந்த அதிகாரி 2010 ஏப்ரலில், வங்கி தன் பாதுகாப்புக் கடமையில் தவறியது என்று சொல்லி 12.85 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டார். வங்கி மேல்முறையீடு செய்தது. 2019-ல் தீர்ப்பாயமும் வாடிக்கையாளர் பக்கமே நின்றது. நியாயம் கிடைத்தது, பன்னிரண்டு ஆண்டு கழித்து.

புகார் கொடுத்தால் உடனே நடப்பது ஒன்று உண்டு. 1930 என்ற எண்ணுக்கு அழைத்தால் பணம் போன கணக்குகளுக்கு வரிசையாக ‘லியன்’ போடுகிறார்கள், அதாவது அந்தத் தொகையை எடுக்க முடியாமல் நிறுத்துகிறார்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அழைத்தவர்களுக்கு இதனால் பணம் மிஞ்சியிருக்கிறது. ஆனால் நாலாவது லேயரில் இருப்பவர் அன்று ஒரு வாடிக்கையாளருக்கு மிக்ஸி விற்ற கடைக்காரராகவும் இருக்கலாம். சந்தேகத்துக்குரிய தொகை ஆயிரம் ரூபாய் என்றாலும் அவருடைய கணக்கு முழுதும் முடங்கிவிடுவதும் உண்டு. எந்த மாநிலத்துப் போலீஸ், எந்தப் புகார் என்றுகூட வங்கியில் சொல்லத் தெரியாது. சென்னை உயர்நீதிமன்றம் 2024-ல், சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவிட்டு மீதியை இயக்க அனுமதிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. உத்தரவு வாங்கப் போனவருக்குக் கிடைத்தது. போகாத கடைக்காரர் தான் நிரபராதி என்று வெளிமாநிலக் காவல் நிலையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

மோசடிக்காரர்களுக்கு நம் பெயரும் எண்ணும் மருத்துவ விவரமும் எங்கிருந்து கிடைக்கின்றன? கசிவுகளிலிருந்து. 2024-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆவணங்கள் டெலிகிராம் செயலியில் சாட்பாட் மூலம் கேட்டால் கிடைக்கும் நிலைக்கு வந்தன. முகவரி, வரி எண், மருத்துவப் பரிசோதனை முடிவு வரை. நிறுவனம் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போய் டெலிகிராமுக்கு எதிராகத் தடையுத்தரவு வாங்கியது. நீதிமன்றத்தில் நிறுவனம் பாதிக்கப்பட்ட தரப்பாக நின்றது. உண்மையில் யாருடைய நோய் விவரம் வெளியே போனதோ அவர் அந்த வழக்கிலேயே இல்லை.

2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவரைக் காப்பாற்றுமா? தரவைப் பாதுகாக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. அந்த அபராதம் அரசின் கஜானாவுக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு ஒரு பைசா கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவில், அலட்சியத்தால் தரவைக் கசியவிட்ட நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று இருக்கிறது. புதிய சட்டம் அந்தப் பிரிவையே நீக்குகிறது. போதாக்குறைக்குக் குடிமக்களுக்கும் கடமைகளை விதித்து, பொய்யான அல்லது அற்பமான புகார் என்று முடிவானால் 10,000 ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறார்கள். அரசு அமைப்புகளுக்கு மட்டும் அறிவிக்கை மூலம் விலக்கு அளிக்கலாம்.

நடைமுறைக்கு வந்த வரிசையைப் பார்த்தால் சட்டத்தின் மனசு புரிந்துவிடும். 2025 நவம்பரில் விதிகள் வெளியானபோது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனிநபர் தகவலைப் பொதுநலனுக்காக வெளியிட இருந்த வரியை வெட்டும் பிரிவு உடனே அமலுக்கு வந்தது. நிறுவனங்களின் கடமைகளுக்கும் குடிமக்களின் உரிமைகளுக்கும் 18 மாத அவகாசம்.

அந்தரங்கப் படங்களின் விஷயத்தில் விதி ஓரளவு சரியாகவே எழுதப்பட்டிருக்கிறது. 2021-ல் வெளியானபோதே, புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் தளம் படத்தை நீக்க வேண்டும் என்றன சமூக ஊடக விதிகள். ஆனால் ‘லிங்க் கொடுங்க’ என்பார்கள். ஒன்றை நீக்கினால் இன்னொரு தளத்தில் முளைக்கும். அத்தனை தளத்தையும் தேடித் தேடி, தன்னுடைய அவமானத்தைத் தானே திரும்பத் திரும்பப் பார்த்து முகவரி எடுத்துக் கொடுக்க வேண்டியவர் பாதிக்கப்பட்ட பெண்தான். 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞரின் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 48 மணி நேரத்துக்குள் நீக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அதன் தொடர்ச்சியாகப் பொதுவான செயல்முறையும் வந்தது. தொழில்நுட்பத்தில் இதற்குத் தடை இல்லை. படத்தை லேசாக வெட்டினாலும் நிறம் மாற்றினாலும் கண்டுபிடிக்கும் வேறு வகை ஹாஷ் முறைகள், குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைப் படங்களைத் தடுக்கப் பெரிய நிறுவனங்களில் பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளன. தேடும் வேலையைத் தளத்தின் மேல் போடச் சட்டத்துக்கு மனம் வர வேண்டும், அவ்வளவுதான்.

இதே குற்றங்களைக் காட்டித்தான் வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று சொல்லும் வசதி வேண்டும் என்று அரசு கேட்கிறது. இந்த விவாதம் சூடு பிடித்ததே சென்னை உயர்நீதிமன்றத்தில், 2018-ல் சமூக ஊடகக் கணக்கை ஆதாருடன் இணைக்கக் கோரிய மனுக்களில். ஒவ்வொரு செய்தியோடும் முதல் அனுப்புநரின் அடையாளத்தைச் சேர்த்தே அனுப்பலாம் என்று ஐஐடி சென்னையின் பேராசிரியர் காமகோடி யோசனை சொன்னார். 2021 விதிகளில் அது கடமையாகவே நுழைந்தது. வாட்ஸ்அப் டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனது. இதில் என் சாய்வு, அனுப்புபவரும் பெறுபவரும் தவிர யாரும் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டும் மறையாக்கத்தின் பக்கம். சில குற்றவாளிகளைப் பிடிக்கக் கோடிக்கணக்கானவர்களின் ஒவ்வொரு செய்தியிலும் அடையாளம் பொறிப்பது, எல்லோரையும் முன்கூட்டியே சந்தேகப் பட்டியலில் ஏற்றுவது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்ன பிறகு, அந்தச் சந்தேகத்தை நியாயப்படுத்தும் பொறுப்பு அரசினுடையது.

அரசு அப்படி நியாயப்படுத்திப் பழக்கப்பட்டதில்லை. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் போராட்டக்காரர்கள் மீது போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு அந்த மாவட்டத்தோடு திருநெல்வேலியிலும் கன்னியாகுமரியிலும்கூட இணையத்தை அணைத்தார்கள். அணைத்ததால் என்ன பலன்? 2021 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு, இணைய முடக்கங்கள் எத்தனை என்பதற்கே மத்திய அரசிடம் பதிவேடு இல்லை என்று கண்டித்தது. முடக்க உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று காஷ்மீர் வழக்கில் 2020 ஜனவரியில் உச்சநீதிமன்றம் சொன்னதும் பல இடங்களில் ஏட்டோடு நிற்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவின் கதை இன்னும் வேடிக்கை. 2015 மார்ச்சில் உச்சநீதிமன்றம் செல்லாது என்று அடித்த பிரிவின் கீழ் ஆறு ஆண்டு கழித்தும் காவல் நிலையங்களில் வழக்குப் பதிவாகிக்கொண்டிருந்தது. செல்லாத சட்டம் செல்லாது என்று வாதாட, அங்கேயும் குற்றம் சாட்டப்பட்டவர்தான் செலவு செய்ய வேண்டியிருந்தது.

தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் 2027 மே மாதம்தான் அமலுக்கு வரும். 43ஏ அன்றுவரை உயிரோடு இருக்கும். நீக்குவதற்கு முன் இழப்பீட்டைப் புதிய சட்டத்தில் சேர்க்கச் சொல்லி நம் எம்.பி.க்களிடம் கேட்க இன்னும் காலம் இருக்கிறது. பணம் பெற்ற வங்கிக்கும் பொறுப்பில் பங்கு, மறுக்கப்பட்ட ஒவ்வொரு ரேஷனுக்கும் காரணம் அச்சிட்ட சீட்டு என்பவையும் புதிய கண்டுபிடிப்பு எதையும் கேட்காத மாற்றங்கள்.

அதுவரை ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் பணம் போனால் முதலில் 1930-க்கு அழையுங்கள், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் கொடுத்து முத்திரையுடன் நகல் வாங்குங்கள். வாடிக்கையாளரின் பொறுப்பை நிரூபிக்கும் சுமை வங்கியைச் சேர்ந்தது என்று ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை விதி வகுத்தது. அந்த விதியையும் கடிதத்தில் எழுதிக் கொடுங்கள்.